பிராசஸர் இன்னும் சாகவில்லை

பெரிய ஆஸ்பத்திரியின் கைப்பயிற்சி அறையில் இருந்த கம்ப்யூட்டர் ஒரு திங்கட்கிழமை காலையில் உயிரை விட்டது. அது ஒன்றும் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த சிவப்புக் கார் ஒரு வளைவில் அப்படியே நின்றது, பெட்டிக்குள் விசிறி ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். காரை ஓட்டிக்கொண்டிருந்த கிரேன்காரர்தான், தன் விரல் மறுபடியும் விழுந்துவிட்டது என்று நினைத்து வெலவெலத்துப் போனார்.

“அண்ணே, உங்க விரல் நல்லாத்தான் இருக்கு. மெஷின்தான் போயிடுச்சு” என்று அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள் மடக்குநீட்டு மேடம்.

அவள் அந்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட். காலை முதல் மாலை வரை “மடக்குங்க, நீட்டுங்க” என்று சொல்வதே பிழைப்பு என்பதால் நோயாளிகள் வைத்த பெயர் அது. பக்கவாதத்தில் கை விழுந்தவர்களை மறுபடி சட்டைப் பொத்தான் போடவைப்பது அவள் வேலை. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி வீடியோ கேம். ரப்பர் பந்தைப் பத்துத் தடவை அமுக்கச் சொன்னால் மூன்றாவது தடவையிலேயே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள், கார் பந்தயம் என்றால் சோறு தண்ணீர் இல்லாமல் அமுக்குவார்கள். ஜாய்ஸ்டிக்கின் பின்பக்கம் ஆள்காட்டி விரலுக்கென்று ஒரு விசை உண்டு. மெல்ல அமுக்கினால் கார் மெல்லப் போகும், முழுக்க அமுக்கினால் பறக்கும். விழுந்துபோன விரலுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பது அவள் கண்ணால் கண்டது.

கிரேன்காரர் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்குகிறவர். வலது கை விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. திரும்பி வரும் கை பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனியும் ஆறு மாதம்தான் அவர் இடத்தைக் காலியாக வைத்திருக்கும். ஆகவே கம்ப்யூட்டர் செத்த அன்றே புதுக் கம்ப்யூட்டருக்கு எழுதிப்போட்டாள் மேடம்.

கடிதம் அடிக்கிற கம்ப்யூட்டர் இதற்குப் போதாது. விரல் அமுக்கிய நொடியில் கார் நகர வேண்டும். கொஞ்சம் திக்கித் திணறி நகர்ந்தால், நாம் அமுக்கியதால்தான் அது ஓடியது என்று மூளைக்குப் புரியாது. அதோடு, வாங்குவது ஏழெட்டு வருஷமாவது தாங்க வேண்டும். ஆஸ்பத்திரி ஒரு சாமானை இரண்டாவது முறை வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான பிராசஸர் எது வாங்குவது என்று கேட்க அவளுக்கு வீட்டிலேயே ஒரு பண்டிதர் இருந்தார். அவள் புருஷன். நாலைந்து வருஷமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறவர். ஒவ்வொரு பிராசஸர் வரும்போதும் அதன் ஜாதகத்தையே மனப்பாடம் செய்துவிட்டு, “அடுத்தது வரட்டும், பாக்கலாம்” என்று படுத்துவிடுவார்.

“எட்டு கோர் இருக்கற நடுத்தரமானது போதும். இருக்கறதுலயே பெருசை வாங்கறவன் ஏமாளி. ஆனா அதை மாட்டற மதர்போர்டு மட்டும் இப்ப வந்ததா பாத்து வாங்கு. நாலு வருஷம் கழிச்சு இழுக்க ஆரம்பிச்சா பிராசஸரை மட்டும் கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம்” என்றார் அவர்.

“இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஏன் இன்னும் வாங்கல?”

“எனக்கென்ன அவசரம்?”

மேடத்துக்கு அவசரம் இருந்தது. மறுநாளே அந்த பிராசஸரின் பெயரை எழுதி, ‘நீடித்து உழைக்கும்’ என்று ஒரு வார்த்தையும் சேர்த்து, கண்காணிப்பாளரிடம் நீட்டினாள். அந்த ஒரு வார்த்தைதான் வினையாகப் போயிற்று.

“நீடித்து உழைக்கும்னு எழுதியிருக்கீங்க. அதைச் சொல்ல நீங்க யாரு?” என்றார் கண்காணிப்பாளர்.

“விசாரிச்சுத்தான் சார் எழுதினேன்.”

“விசாரிச்சு எழுதறதுன்னா நாட்டுல வாரியம் எதுக்கு? நீடித்துழைப்பு வாரியத்துச் சான்று இல்லாம ஒரு ஸ்டூல்கூட நான் உள்ள விட்டதில்ல மேடம். இந்த ஆஸ்பத்திரியில நோயாளி எந்த நிலைமையில வேணா உள்ள வரலாம். சாமான் அப்படி வர முடியாது.”

அதுவரை சமாளிக்கலாம் என்று புருஷனின் லேப்டாப்பைப் பையில் மறைத்து எடுத்துவந்தாள். அது ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. மின்பிரிவு மேற்பார்வையாளர் வந்து, வாரியத்தின் சான்று வில்லை ஒட்டாத சாமான் என்று சிவப்பு நாடாவால் அதைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கிரேன்காரரின் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார். கட்டியதை எடுத்துக் கீழே வைக்க அவர் கைக்குத் தெம்பில்லை. மேடம் பக்கத்து அறையிலிருந்து வரும்வரை குழந்தையை வைத்திருப்பதைப்போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“விடு தங்கச்சி. எனக்காக நீ பேச்சு வாங்காத” என்றார்.

“நீங்க சும்மா இருங்கண்ணே. நான் அந்த வாரியத்தையே ஒரு கை பாத்துட்டு வரேன்.”

நீடித்துழைப்பு வாரியத்தை ஊரில் எல்லோரும் ஆயுள் வாரியம் என்பார்கள். பெரிய கட்டடம், வாசலில் புல்வெளி. வரவேற்பறையில் நுழைந்த மேடம் ஒரு நிமிஷம் தன் அறைக்கே வந்துவிட்டோமோ என்று மலைத்தாள். ஒருவர் குடையை விரித்துக்கொண்டும் மடக்கிக்கொண்டும் இருந்தார். இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்தார். மூலையில் ஒரு அம்மாள் காலியான கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். எல்லோருடைய முகத்திலும் நாட்டையே தூக்கி நிறுத்துகிற களை.

துணை ஆயுள் அலுவலர் அவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும், எத்தனையாவது ஆள் உட்கார்ந்தது என்று நாற்காலியின் முதுகில் தொங்கிய அட்டையில் குறித்துக்கொண்டார். பிறகு அவள் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

“இந்த பிராசஸர் எத்தனை வருஷம் உழைக்கும்?”

“ஏழெட்டு வருஷம் தாங்கும்னு சொல்றாங்க சார்.”

“யாரு சொல்றாங்க? உசுரோட இருக்கற ஒண்ணு இத்தனை வருஷம் இருக்கும்னு யாரால சொல்ல முடியும்? உங்க ஆயுளை உங்களால சொல்ல முடியுமா?”

“முடியாது சார்.”

“செத்தப்புறம் நாங்க சொல்லுவோம். மணி, நிமிஷத்தோட சொல்லுவோம்” என்று நாற்காலியில் சாய்ந்தார். “அதாம்மா விஞ்ஞானம். நாங்க ஒரு சாமானை வாங்குவோம். சாகற வரைக்கும் ஓட்டுவோம். செத்ததும் ஆயுளைக் கணக்குப் போட்டுச் சான்று குடுத்துடுவோம். அப்புறம் நீங்க கண்ணை மூடிட்டு வாங்கலாம்.”

மேடம் இதை மனசுக்குள் ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

“சார், நல்ல பிராசஸர்னா சாகறதுக்கு வருஷக்கணக்கா ஆகுமே.”

“ஆகும். நல்லதுக்கு ஆகத்தான் செய்யும்.”

“அதுக்குள்ள அந்த மாடலே கடையில இருக்காதே?”

“அது கடைக்காரன் பாடு. நாங்க தரத்தைப் பாக்கறவங்க. வியாபாரத்துல தலையிடறதில்ல.”

இதுவரை சான்று வாங்கிய பிராசஸர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு இருந்தன. ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணியில் படுத்திருந்தது. அதை மாட்டுவதற்கான மதர்போர்டை யாரும் இப்போது செய்வதில்லை. அதில் சீட்டாட்டத்தைத் தவிர எந்த விளையாட்டும் ஓடாது. “ஆனா உறுதி. அதுல சந்தேகமே வேணாம். செத்தே காட்டியிருக்கு” என்றார் அலுவலர்.

“இன்னொண்ணு சார்?”

“அது போன மாசம் வந்தது. ரெண்டே வாரத்துல போயிடுச்சு. அன்னைக்கே சான்று குடுத்துட்டோம். எங்கள மாதிரி வேகமா வேலை செய்யற ஆபீஸை நீங்க பாக்க முடியாது.”

“அதையா சார் வாங்கச் சொல்றீங்க?”

“தாராளமா வாங்குங்க. கடையில கிடைக்கும். ரெண்டு வாரம் உழைக்கும்னு வாரியமே சொல்லியிருக்கு. இந்த ரெண்டு வாரத்துக்கு யாரும் உங்களை ஒரு கேள்வி கேக்க முடியாது.”

மேடத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தான்தான் மக்காக இருக்கிறோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றவைப்பதற்குத்தான் அந்த மாதிரிக் கட்டடங்களுக்குக் கூரையை அவ்வளவு உயரமாகக் கட்டுகிறார்கள்.

இயக்குநரைப் பார்த்துவிடுவதென்று அடுத்த வாரம் மறுபடி போனாள். இயக்குநர் ஓர் இரங்கல் கூட்டத்தில் இருந்தார். முந்தின நாள் ஒரு பிராசஸர் காலமாகியிருந்தது. மேஜை நடுவே சின்னத் தலையணையில் அது, சுற்றிலும் வாரியத்தின் மூத்த அலுவலர்கள் தலையைக் குனிந்தபடி. மேடத்தையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

“நண்பர்களே! வாரியத்துக்கு வந்த நாள் முதல் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிராசஸர் இது. காலையில் தாமதமாக வந்ததில்லை. மாலையில் சீக்கிரம் கிளம்பியதில்லை. கொடுத்த வேலையை இன்னொருவர் தலையில் கட்டியதில்லை. நம்மில் யாராவது அப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா?” என்று தழுதழுத்தார் இயக்குநர்.

முடியாது என்று எல்லோரும் மனமாரத் தலையாட்டினார்கள். பெருமையாகத்தான் ஆட்டினார்கள்.

ஒரு நிமிட மௌனம் தொடங்கியது. அது முடிவதற்குள் சோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் ஓடி வந்து இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். செத்தது பிராசஸர் இல்லையாம், பக்கத்தில் இருந்த மின்கம்பி கழன்றிருந்ததாம். இயக்குநரின் துக்கம் சட்டென்று கோபமாக மாறியது. சான்றில் கையெழுத்துப் போட அவர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். பிராசஸரைத் தலையணையோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

“பாத்தீங்களா, ஒண்ணும் ஒழுங்கா சாக மாட்டேங்குது” என்று மேடத்திடம் மூக்கால் அழுதார் அவர். “வாங்க, எங்க ஆளுங்க படற பாட்டை நீங்களே பாருங்க.”

தேய்மானக் கூடம் என்று எழுதிய கதவைத் திறந்தார். குளுகுளு என்று ஒரு பெரிய ஹால். வரிசை வரிசையாக அற்புதமான கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அவள் கேட்ட அதே எட்டு கோர் பிராசஸர். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு அலுவலர், கையில் ஜாய்ஸ்டிக்கோடு, கார் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார். கேமிங் பிராசஸரை கேம் ஆடித்தானே தேய்க்க வேண்டும்? விரல் அமுக்கிய நொடியிலேயே திரையில் கார்கள் பறந்தன.

மேடம் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். இதில் ஒரே ஒரு பெட்டியை, அரை நாளைக்குக் கொடுத்தால் போதும் என்று நினைத்தாள். கேட்டும் பார்த்தாள்.

“ஐயோ, கடன் குடுக்கறதெல்லாம் விதியில இல்ல. ஏற்கெனவே ஆள் பத்தாம தவிக்கறோம். பாவம், இவங்களுக்கு விரலெல்லாம் வீங்கிப்போச்சு. நேத்து ஒருத்தர் மூணாவது சுத்துல மயங்கியே விழுந்துட்டாரு” என்றார் இயக்குநர்.

கடைசி வரிசையில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. மேலே ஒரு அட்டை: ‘சராசரிக்குக் கீழ்ப்பட்ட பயனர்.’

“அது யாரு இடம் சார்?”

“வாரியம் ஆரம்பிச்ச நாள்லேருந்து காலிதான். எல்லா மாதிரி ஆளும் ஓட்டிப் பாக்கணும்னு விதி. கை சரியா வராதவங்க ஒருத்தர் வேணும். ஆனா எங்க ஆபீஸ்ல எல்லாருமே சராசரிக்கு மேல. நான் எத்தனையோ தடவை சுற்றறிக்கை விட்டேன். ஒருத்தர்கூட ஒத்துக்கல.”

மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “என்கிட்ட ஒருத்தர் இருக்காரு சார்.”

அன்றைக்கே ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு சான்று எழுதினாள். இவருடைய வலது கை வலுவற்றது, விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மறுவாரம் கிரேன்காரர் மனைவியோடு பஸ் ஏறி வாரியத்துக்குப் போனார், தேய்மானக் கூடத்தில் உட்கார்ந்தார்.

வாரியத்தில் அவரைக் கொண்டாடினார்கள். முதல் நாள் ஜாய்ஸ்டிக்கை ஓயாமல் கீழே போட்டார். காரைச் சுவரில் மோதினார், பாலத்திலிருந்து தள்ளினார், பார்வையாளர்கள் மேல் ஏற்றினார். இப்படியொரு தேய்மானத்தை இதுவரை கண்டதில்லை என்று துணை ஆயுள் அலுவலர் வியந்து குறிப்பு எழுதினார். மற்றவர்கள் டீக்குப் போகும்போது தங்கள் பெட்டியையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கிரேன்காரர் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகர்ந்து நகர்ந்து நாள் முழுக்க ஓட்டினார். ஆஸ்பத்திரியில் மேடத்தால் ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும். இங்கே காலை முதல் மாலை வரை பயிற்சி, ஏசி வேறு. வாரியம் பிறந்த நாளிலிருந்து அது செய்த ஒரே நல்ல காரியம் இதுதான். நல்லவேளையாக அது வாரியத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள்.

ஆறு மாதம் முடிய இன்னும் நாள் இருக்கும்போதே கிரேன்காரரின் மனைவி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“இன்னைக்குக் காலையில அவரே பொத்தான் போட்டுக்கிட்டாரும்மா. நான் போட்டுவிடப் போனா என் கையைத் தட்டிவிட்டாரு. அந்தக் கையால தட்டிவிட்டாரும்மா!”

மேடம் சந்தோஷம் தாங்காமல் பக்கத்து அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள். இனி கிரேன்காரர் துறைமுகத்துக்குப் போவார், அந்த இருக்கையில் அடுத்த கையை உட்காரவைக்கலாம் என்று கணக்குப் போட்டாள். அடுத்த கை தயாராகக் காத்திருந்தது. பியூட்டி பார்லர் நடத்துகிற அக்கா ஒருத்தி, கத்தரிக்கோல் பிடிக்கிற கை விழுந்து வந்து சேர்ந்திருந்தாள். ரப்பர் பந்தைப் பார்த்தாலே அவளுக்குக் கண் கலங்கியது.

மேடம் வாரியத்துக்குப் போனாள். தேய்மானக் கூடத்தில் கிரேன்காரர் இல்லை. தனி அறையில் இருந்தார். சட்டை மடிப்பு கலையாமல், கழுத்தில் அடையாள அட்டையோடு, மேஜைக்குப் பின்னால். மேஜைமேல் பலகை: ‘துணை ஆயுள் அலுவலர் (சராசரிக்குக் கீழ்)’.

“வாங்க மேடம். உக்காருங்க” என்றார்.

‘தங்கச்சி’ எங்கே போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

“என்னண்ணே, துறைமுகத்துக்குப் போகலயா? கம்பெனியில இடம் வச்சிருக்காங்களே?”

“அங்க வெயில்ல அத்தனை உசரம் ஏறணும் மேடம். ஒரு கண்டெய்னர் தவறினா என் தலையில விழும். இங்க எது தவறினாலும் யார் தலையிலயும் விழறதில்ல. நிரந்தரமாக்கிட்டாங்க.”

“அப்ப அந்த இடத்துல எங்க பார்லர் அக்காவை உக்காரவைக்கலாமாண்ணே? அவங்களுக்கும் நாள் போயிட்டே இருக்கு.”

கிரேன்காரர் தொண்டையைச் செருமினார். “அப்படியெல்லாம் வெளியாளுங்களை உள்ள விட முடியாது மேடம். இன்னைக்கு ஒருத்தருக்குச் சலுகை குடுத்தா நாளைக்கு ஆஸ்பத்திரியே இங்க வந்து உக்காந்துடும்.”

“நீங்க எப்படிண்ணே உள்ள வந்தீங்க?”

“அது முறைப்படி நடந்தது. தகுதி அடிப்படையில.”

“போகட்டும். அந்த பிராசஸருக்காவது சான்று குடுத்துடுங்க. எங்க ரூம்லயே வாங்கிப் போட்டுக்கறேன். நீங்களே மாசக்கணக்கா அதுல ஓட்டியிருக்கீங்க. எப்படி உழைக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“பிரமாதமா உழைக்குது. அதான் சிக்கலே. இன்னும் சாகல மேடம். சாகாத ஒண்ணுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? விஞ்ஞானம்னு ஒண்ணு இருக்கில்ல?”

சொல்லிவிட்டு டீக் கோப்பையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துச் சொட்டுச் சிந்தாமல் தூக்கிக் குடித்தார். மேடத்தின் பார்வை அந்த விரல்களிலேயே நின்றது. கோபத்துக்கு நடுவிலும், அடடா, என்ன பிடிமானம் என்று அவளுக்குள் இருந்த பிசியோதெரபிஸ்ட் சபாஷ் போட்டாள்.

கிரேன்காரர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இந்தப் பதவி கை சரியாக வராதவருக்கென்று ஒதுக்கியது. கை இன்னும் சரியாகவில்லை என்று வருஷம் தவறாமல் ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும். சான்று தர வேண்டியவள் அவள்.

“அண்ணே, உங்க கை என் கையைவிட நல்லா இருக்கு.”

“அதை ஏன் சத்தமா சொல்றீங்க? ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, உங்க பார்லர் அக்காவுக்குன்னு இன்னொரு இருக்கை போடச் சொல்லிக் குறிப்பு வைக்கறேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

இத்தனை வருஷத்தில் எவ்வளவோ கைகளைப் பற்றி எழுதியிருக்கிறாள். முன்னேற்றம் இல்லாத கைக்கு, குடும்பம் எவ்வளவு கெஞ்சினாலும், முன்னேற்றம் என்று எழுதியதில்லை. சரியான கையைச் சரியாகவில்லை என்று எழுதச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதுமில்லை. பார்லர் அக்காவின் மடியில் கிடக்கும் கையை நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவமானமாக இருந்தது. ஒரு கைக்காகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு கையோடு நிற்கவில்லை. பார்லர் அக்காவுக்குக் கை வந்தது. வந்த கையோடு அவளும் அங்கேயே நிரந்தரமானாள். கத்தரிக்கோலைவிட ஜாய்ஸ்டிக் லேசாக இருக்கிறதாம். அவளுக்கும் சான்று. அடுத்து ஒரு தச்சர் போனார், அடுத்து ஒரு தையல் டீச்சர். எல்லாருக்கும் கை வந்தது, ஒருவரும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு புதுக் கைக்கும் இடம் பிடிக்க, பழைய கைகளெல்லாம் விளங்காமல் கிடக்கின்றன என்று மேடம் எழுத வேண்டியிருந்தது. வாரியத்தில் சராசரிக்குக் கீழ்ப்பட்டோர் பிரிவு என்று தனிப் பிரிவே திறந்தார்கள். கிரேன்காரர் அதற்குத் தலைவரானார். பிரிவில் எல்லோருமே அபாரமாகக் கார் ஓட்டினார்கள். பிராசஸர் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி எதற்கும் அசராமல் ஓடிக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் அந்த மாடல் கடையிலிருந்து போய்விட்டது. மேடத்தின் புருஷன், “நல்லவேளை, நான் அவசரப்படல” என்றார்.

ஒரு நாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவள் எழுதிய சான்றுகளின் நகல்கள் அடுக்கியிருந்தன.

“மேடம், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா இதைப் பாருங்க. கிரேன் ஓட்டறவர், கை சரியாகல. பார்லர் அம்மா, சரியாகல. தச்சர், டீச்சர், ஒருத்தருக்கும் சரியாகல. உங்க கையில வந்த ஒரு கைகூடப் பொழைக்கலயே மேடம்?”

“சார், அவங்க எல்லாருக்குமே சரியாயிடுச்சு சார்.”

“அப்படியா? அப்ப இதெல்லாம் யாரு கையெழுத்து?”

மேடம் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும். அதைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது வாரியத்தில் பாதி குணமான கையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு வாட்ச்மேனையும் நாளைக்கே வெளியே தள்ளிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

“நான் உங்களைக் குத்தம் சொல்லல” என்றார் கண்காணிப்பாளர், குற்றம் சொல்கிறவர்களுக்கே உரிய கனிவோடு. “கை சரியாகாத ரூமுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? கம்ப்யூட்டர் இல்லாத ரூமுக்குக் கைப்பயிற்சின்னு பேரு எதுக்கு? உங்க விண்ணப்பத்தை முடிச்சு வச்சுட்டேன். ரூமைக் கேட்டு வாரியத்துலேருந்தே எழுதியிருக்காங்க. அவங்களுக்கு இடம் பத்தலயாம். கம்ப்யூட்டரெல்லாம் நாளைக்கே வந்துடும். அவங்க சாமானுக்குச் சான்று தேவையில்ல.”

இடத்தைப் பார்வையிட வாரியத்திலிருந்து அன்று மதியமே அதிகாரி வந்தார். கிரேன்காரர்தான். அறை வாசல் பெஞ்சில் புதிதாக வந்த ஒரு பெயின்டர், விழுந்த வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் கிரேன்காரர் உள்ளே வந்தார். ஜன்னல், பிளக் பாயின்ட், வெளிச்சம் எல்லாவற்றையும் பார்த்தார். மேடத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அண்ணே, நீங்க இங்க உக்காந்துதானே விரலை முதல்ல அசைச்சீங்க?” என்றாள் மேடம். “வெளிய ஒருத்தர் உக்காந்திருக்காரு. அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?”

“முறைப்படி விண்ணப்பிக்கச் சொல்லுங்க மேடம்” என்றார் கிரேன்காரர்.

மேஜை ஓரமாக உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியை ஒரே விரலால் சுண்டித் திறந்து, அறிக்கையின் முதல் வரியை வலது கையால் எழுத ஆரம்பித்தார். மேடம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

‘இந்த அறையில் பயிற்சி பெற்ற எவருக்கும் கை குணமானதாகத் தெரியவில்லை.’

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.